தேமலுக்கு மாத்திரை: எது, எத்தனை நாள், யாருக்கு ஆகாது?

கோத்தா கோலா மூடா – கடலுக்குப் போகிறவர், பீடோங், மெர்போக் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டுகிறவர், செம்பனைக் குலை அறுக்கிறவர், சுங்கை பட்டாணித் தொழிற்சாலையில் சீருடையோடு 12 மணி நேரம் நிற்கிறவர் – யாராக இருந்தாலும் நம் பக்கத்துப் புழுக்கத்தில் முதுகு காய்வதில்லை. அந்த ஈரத்தில்தான் தேமல் படர்கிறது. மலாய்க்காரர்கள் இதைப் பானாவ் என்கிறார்கள்.

தேமலால் உயிருக்கு ஆபத்து இல்லை. வலி கிடையாது, அரிப்பும் பெரும்பாலும் குறைவுதான். ஆனால் கழுத்திலும் கையிலும் வெளுத்த திட்டுகளோடு பள்ளிக்கூடத் திடலில் சட்டையைக் கழற்றத் தயங்கும் பையனுக்கும், கல்யாண நாள் குறித்த வீட்டுப் பெண்ணுக்கும் அது பெரிய பாரம். பூசிப் பூசி அலுத்துப்போனவர்கள் மருந்தகத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மாத்திரை போட்டால் சீக்கிரம் போய்விடுமாமே, உண்மையா?”

உண்மைதான். சரியான மாத்திரையாக இருந்தால் ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ சிகிச்சை முடிந்துவிடும். ஆனால் பூஞ்சைக்கு எதிரான எல்லா மாத்திரையும் தேமலுக்குக் கேட்காது. கேட்கும் மாத்திரைகளும் இனிப்புநீர், இருதயம், கொலஸ்ட்ரால் மருந்துகளோடு மோதக்கூடியவை. பூஞ்சை செத்த பிறகும் வெள்ளைத் திட்டு மாதக்கணக்கில் இருக்கும் என்பது தெரியாமல், “இன்னும் போகவில்லை” என்று மாத்திரையை நீட்டிக்கொண்டே போவதும் நடக்கிறது. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தேமல் என்பது என்ன?

மலசீசியா என்ற நுண்பூஞ்சை ஏறக்குறைய எல்லா மனிதர்களின் தோலிலும் சும்மா குடியிருக்கிறது. தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. வெப்பம், வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேரும்போது அது இழையாக நீண்டு, தோலின் மேலடுக்கில் பெருகுகிறது. அப்போதுதான் திட்டு தெரிகிறது. முதுகு, மார்பு, கழுத்து, மேற்கை ஆகிய இடங்களில்தான் அதிகம். எண்ணெய்ச் சுரப்பு கூடும் பதின்ம வயதிலும் இளவயதிலும் மிகுதியாக வரும். தலைப் பொடுகுக்கும் இதே இனத்துப் பூஞ்சையோடு தொடர்பு உண்டு.

இந்தப் பூஞ்சை வெளியிடும் அசெலாயிக் அமிலம் போன்ற பொருள்கள், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால்தான் நம் நிறத்தில் தேமல் வெளிறித் தெரிகிறது. சிலருக்கு அதுவே பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும்.

தேமல் ஒரு பூஞ்சையால் வருகிறது என்பதை 1846-இல் ஜெர்மன் மருத்துவர் ஐக்ஸ்டெட் கண்டறிந்தார். குளிர் நாடான சுவீடனில் நூற்றில் ஒருவர் என்ற அளவில் காணப்படும் இந்நோய், வெப்பமண்டல ஊர்கள் சிலவற்றில் மக்களில் பாதிப்பேர் வரை தொடுகிறது. ஆக, இது அழுக்கின் அடையாளம் இல்லை, வானிலையின் விளைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேமல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டும் நோய் அல்ல. அந்தப் பூஞ்சை ஏற்கெனவே எல்லார் தோலிலும் இருக்கிறது. தேமல் உள்ளவரைத் தனிப் பாயில் படுக்க வைப்பதற்கும் ஒதுக்குவதற்கும் காரணமே இல்லை.

சங்கப் பாடல்களில் வரும் சுணங்கு, திதலை என்ற சொற்களுக்கு உரையாசிரியர்கள் தேமல் என்றே பொருள் எழுதினார்கள். அங்கே அது பெண்ணின் மேனிக்கு அழகு. ‘அழகுத் தேமல்’ என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. மருத்துவர் பார்க்கும் தேமல் வேறுதான் என்றாலும், இந்தச் சொல்லில் அவமானம் எதுவும் இருந்ததில்லை என்பதை நினைவில் வைக்கலாம்.

முதலில், அது தேமல்தானா?

மாத்திரைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. வெளுத்த திட்டெல்லாம் தேமல் ஆகாது.

தேமலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு போல மெல்லிய பொடி உதிரும். பல சிறு திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். தொட்டால் உணர்ச்சி மாறாது.

• தொட்டாலும் கிள்ளினாலும் உணர்ச்சி குறைந்த வெளிறிய திட்டு தொழுநோயாக இருக்கலாம். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெரியவர்கள் சுங்கை பூலோ என்ற பெயரைக் கேட்டாலே நடுங்கினார்கள். அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு 1930-இல் திறக்கப்பட்டது. இன்று அந்நோயைக் கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணப்படுத்தலாம். காலம் தாழ்த்தினால் நரம்பு கெடும் என்பதால், உணர்ச்சி குறைந்த திட்டு என்றால் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

• பால் போல முழு வெள்ளையாக, பொடி உதிராமல், ஓரம் தெளிவாக இருந்தால் வெண்படையாக இருக்கலாம். அது பூஞ்சையால் வருவதில்லை.

• சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலான வெளுத்த வட்டம் வந்தால் “வயிற்றில் பூச்சி” என்போம். பெரும்பாலும் அது தோல் வறண்டு வரும் சாதாரணத் திட்டு. அதற்குப் பூச்சி மாத்திரையும் வேண்டாம், பூஞ்சை மாத்திரையும் வேண்டாம்.

• வட்டமாகப் படர்ந்து, ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி ஆறியது போல, கடுமையாக அரித்தால் அது படர்தாமரை. மலாயில் குராப். அதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு இனம், வேறு மருந்து.

சந்தேகம் இருந்தால் மருத்துவர் கொஞ்சம் பொடியைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்நோக்கியில் பார்ப்பார். தேமல் என்றால் உருண்டைகளும் குட்டை இழைகளும் சேர்ந்து தெரியும். சில நிமிட வேலைதான்.

பூசுவதே முதல் சிகிச்சை

திட்டு கொஞ்சமாக இருந்தால் மாத்திரை தேவையே இல்லை. 2 விழுக்காடு கெட்டோகோனசோல் ஷாம்பு அல்லது 2.5 விழுக்காடு செலினியம் சல்ஃபைடு நீர்மம் போதும். இவை தலைக்கு என்று விற்கப்பட்டாலும் தேமலுக்கு உடம்பிலும் பூசலாம். ஷாம்புவைத் தேய்த்து 5 நிமிடம், செலினியத்தை 10 நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். ஷாம்புவை அதிகபட்சம் 5 நாள், செலினியத்தை 7 நாள் தொடர்ந்து பயன்படுத்துவது வழக்கம்.

பலர் தோற்கும் இடம் ஒன்று உண்டு: கண்ணுக்குத் தெரியும் திட்டில் மட்டும் பூசுவது. கழுத்திலிருந்து இடுப்பு வரை, மேற்கை உட்பட முழுவதும் பூச வேண்டும். முதுகுக்கு வீட்டில் ஒருவர் உதவினால் நல்லது.

மாத்திரை எப்போது?

உடம்பில் பெரும் பகுதி படர்ந்திருந்தாலோ, ஒழுங்காகப் பூசியும் கேட்காவிட்டாலோ, ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவர் மாத்திரையைப் பற்றி யோசிப்பார். கீழே வரும் அளவுகள் பெரியவர்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதுபவை. மருத்துவரிடம் பேசும்போது புரிந்துகொள்ளவே இவற்றைத் தருகிறோம். தானாக வாங்கி விழுங்குவதற்கு அல்ல.

• ஃபுளுகோனசோல்: வாரம் ஒரு தடவை 300 மி.கி., இரண்டு வாரம். அதாவது 150 மி.கி. மாத்திரை இரண்டு இன்று, இன்னும் இரண்டு அடுத்த வாரம் இதே நாளில். மொத்தம் நான்கே மாத்திரை.

• இட்ராகோனசோல்: தினம் 200 மி.கி., 5 முதல் 7 நாள்.

இவ்வளவு குறைந்த நாளில் எப்படிக் கேட்கிறது? இந்த மருந்துகள் இரத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. வியர்வை வழியாகவும் எண்ணெய்ச் சுரப்பு வழியாகவும் தோலின் மேலடுக்கில் போய்த் தங்குகின்றன. மாத்திரையை நிறுத்திய பிறகும் ஃபுளுகோனசோல் ஒரு வாரத்துக்கு மேலும், இட்ராகோனசோல் சில வாரங்களும் அந்த அடுக்கில் இருந்து வேலை செய்கின்றன. மாத்திரை தீர்ந்தாலும் மருந்து தீர்வதில்லை. கூடுதல் நாள் விழுங்கத் தேவையில்லாததற்குக் காரணம் இதுதான்.

இட்ராகோனசோல் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். அது உடம்பில் ஏற வயிற்றில் அமிலம் தேவை. கேஸ்ட்ரிக் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது சரியாக ஏறாது. ஃபுளுகோனசோலுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தேமலுக்குக் கேட்காத மாத்திரைகள்

டெர்பினாஃபின் மாத்திரை படர்தாமரைக்கு நல்ல மருந்து. ஆனால் வாய்வழி விழுங்கினால், தேமல் பூஞ்சை இருக்கும் இடத்துக்குப் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. அதனால் தேமலுக்குப் பயன் இல்லை. அதே டெர்பினாஃபினைக் களிம்பாகப் பூசினால் தேமலுக்குக் கேட்கும்.

கிரிசியோஃபுல்வின் பழைய மாத்திரை. 1958-இல் கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் என்ற ஆய்வாளர், கினிப்பன்றிகளின் படர்தாமரை இம்மருந்தை வாய்வழி கொடுத்தாலே ஆறுவதைக் காட்டினார். விழுங்கித் தோல் பூஞ்சையைத் தீர்க்கும் காலம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஆனால் அதுவும் மலசீசியாவை ஒன்றும் செய்யாது.

பக்கத்து வீட்டுக்காரரின் படர்தாமரை மாத்திரையில் மிச்சத்தை வாங்கித் தேமலுக்குப் போட்டால் காசும் வீண், கல்லீரலுக்கும் வேலை.

கெட்டோகோனசோல் மாத்திரை வேண்டாம்

தேமலுக்கு ஒரே ஒரு வேளை மாத்திரை, விழுங்கிவிட்டு வியர்க்க வியர்க்க ஓட வேண்டும், பிறகு சில மணி நேரம் குளிக்கக் கூடாது – இப்படி ஒரு வைத்தியத்தைப் பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்வார்கள். அந்த மாத்திரை கெட்டோகோனசோல். ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதித் தந்ததுதான்.

இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. கெட்டோகோனசோல் மாத்திரை கல்லீரலைக் கடுமையாகக் கெடுக்கக்கூடும் என்பதால், 2013 ஜூலை 26-ஆம் நாள் ஐரோப்பிய மருந்து முகமை அதன் விற்பனை உரிமத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அதே நாளில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2016 மே மாதம், தோலுக்கும் நகத்துக்கும் இன்னமும் அதை எழுதித் தருகிறார்கள் என்றும், நகப் பூஞ்சைக்கு அதை உட்கொண்ட ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார் என்றும் அந்நிர்வாகம் மீண்டும் எச்சரித்தது.

கவனிக்கவும்: இந்த எச்சரிக்கை மாத்திரைக்கு மட்டும்தான். கெட்டோகோனசோல் ஷாம்பும் களிம்பும் உடம்புக்குள் மிகக் குறைவாகவே செல்கின்றன. அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.

வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள்

நம் வீடுகளில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கையில் கிளினிக் மருந்துப் பை இல்லாமல் இருப்பது அரிது. பூஞ்சை மாத்திரையின் உண்மையான ஆபத்து அங்கேதான். ஃபுளுகோனசோலும் இட்ராகோனசோலும், கல்லீரல் மற்ற மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் வேலையைத் தாமதப்படுத்துகின்றன. வழக்கமான அளவே சாப்பிட்டாலும் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடிவிடும்.

• இனிப்புநீருக்குக் கிளிகிலாசைடு, கிளிபென்கிளாமைடு சாப்பிடுகிறவர்கள்: ஃபுளுகோனசோலோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, தலைச்சுற்றல் வந்தால் அதுவே அறிகுறி. மெட்ஃபார்மினோடு இந்த மோதல் இல்லை. ஆனால் பலர் இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள்.

• கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டேட்டின்: இட்ராகோனசோலோடு சேர்க்கவே கூடாது. தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

• இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின்: இரத்தக் கசிவு ஆபத்து.

• இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின்: இட்ராகோனசோலோடு சேர்ந்தால் கால் வீக்கம் கூடலாம்.

• இருதயம் பலவீனமாகி, செயலிழப்பு என்று சொல்லப்பட்டவர்கள்: தேமலுக்காக இட்ராகோனசோல் தொடவே கூடாது.

• கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினம் மது அருந்துகிறவர்கள்: மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சம்சு குடிப்பதைச் சொல்ல வெட்கப்படுவதால் கெடுவது நம் கல்லீரல்தான்.

• கர்ப்பிணிகள்: இந்த மாத்திரைகள் வேண்டாம், பூசும் மருந்தைப் பற்றி மருத்துவரைக் கேட்கவும். பால் கொடுக்கும் தாய்மாரும் கேட்காமல் எதையும் விழுங்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் முதலில் பூசும் மருந்துதான்.

சுலபமான வழி ஒன்று: மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துப் பொட்டலங்களையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் வைத்துவிடுங்கள். பெயர் நினைவில் இல்லை என்ற பிரச்சினையே வராது.

மாத்திரை எடுத்த நாள்களில் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, வாந்தியும் பசியின்மையும் தொடர்ந்தாலோ, உடம்பு முழுவதும் தடிப்பு வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பூஞ்சை போயிற்று, வெள்ளை போகவில்லை

சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்தும் திட்டு வெளுத்தே இருந்தால், பெரும்பாலோர் மருந்து கேட்கவில்லை என்றே நினைக்கிறார்கள். சிலர் இன்னொரு அட்டை மாத்திரை வாங்குகிறார்கள். சிலர் வெளுப்பாக்கும் களிம்பு பூசி மேலும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மருந்து கொல்வது பூஞ்சையைத்தான். நிறத்தை மருந்து திருப்பித் தராது. தோல்தான் புதிதாக உண்டாக்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். வெயில் படப் படச் சுற்றியுள்ள தோலோடு நிறம் சேரும்.

குணமானதா என்று பார்க்க நகமே போதும். சுரண்டினால் பொடி உதிரவில்லை என்றால் பூஞ்சை போய்விட்டது. மாத்திரையோ களிம்போ இனி வேண்டாம், காத்திருங்கள். பொடி இன்னும் உதிர்ந்தால் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள். கல்யாணம், படம் எடுப்பது போன்ற நாளை மனத்தில் வைத்திருப்பவர்கள் இரண்டு வாரம் இருக்கும்போது ஓடாமல், நான்கைந்து மாதம் முன்பே சிகிச்சையைத் தொடங்குவது நல்லது.

திரும்ப வராமல் இருக்க

தேமல் திரும்ப வரும் நோய். தடுப்பு ஏதும் செய்யாதவர்களில் ஓராண்டுக்குள் 60 விழுக்காட்டினருக்கும், இரண்டு ஆண்டுக்குள் 80 விழுக்காட்டினருக்கும் திரும்ப வரலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. திரும்ப வந்தால் மருந்து போலி என்று பொருளல்ல. பூஞ்சை நம் தோலின் நிரந்தரக் குடியாளர் என்பதுதான் பொருள்.

மாதம் ஒன்றிரண்டு முறை அதே கெட்டோகோனசோல் அல்லது செலினியம் ஷாம்பால் உடம்பைக் கழுவுவது எளிய தடுப்பு. அடிக்கடி வருகிறவர்களுக்கு மாதம் ஒரே ஒரு நாள் இட்ராகோனசோல் என்று ஆறு மாதம் மருத்துவர் தரலாம். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இப்படி எடுத்தவர்களில் 88 விழுக்காட்டினருக்குப் பூஞ்சை திரும்பவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 57 விழுக்காடு. வெற்று மாத்திரையிலேயே பாதிக்கு மேல் தப்பினார்கள் என்பதால், இது எல்லாருக்கும் தேவை இல்லை.

வேலை முடிந்ததும் ஈரச் சட்டையை மாற்றுங்கள். உடம்போடு ஒட்டும் நைலான் பனியனைவிடப் பருத்தி நல்லது. இன்னொன்று, நம் வீட்டுப் பழக்கத்தைப் பற்றியது: தேமல் உள்ள உடம்பில் தேங்காய் எண்ணெய் தேய்க்காதீர்கள். அது இந்தப் பூஞ்சைக்குப் பந்தி விரிப்பது போல.

இலை வைத்தியம்

சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவது தோட்டங்களில் பழைய கைமருந்து. மலாய்க்காரர்கள் இதைக் கெலிங்காங் என்பார்கள். லெங்குவாஸ் கிழங்கை வெட்டித் தேய்ப்பதும் உண்டு. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சீமை அகத்தி இலைச்சாறு தேமலுக்குப் பயன்படுவதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1994-இலேயே வெளிவந்திருக்கிறது. ஆனால் வீட்டில் அரைக்கும்போது எவ்வளவு சக்தி இருக்கும் என்று அளக்க முடியாது. சிலருக்குத் தோல் புண்ணாகும். பூசிப் பார்ப்பவர்கள் முகத்திலும் வெடித்த தோலிலும் தவிர்க்கவும். இலையைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். அது பேதி மருந்து.

படர்தாமரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

நான்கு மாத்திரையில் தேமல் போனது என்று கேள்விப்பட்டுப் படர்தாமரைக்கும் அதையே போடக் கூடாது. உடம்பில் பரவிய படர்தாமரைக்கு வழக்கமாக டெர்பினாஃபின் தினம் 250 மி.கி., 2 முதல் 4 வாரம் தருவார்கள். அது ஒட்டும் நோய் என்பதால் துண்டு, துணி, வீட்டார் எல்லாரையும் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் கடந்த பத்தாண்டில் படர்தாமரை அடங்காமல் பரவியது. டெர்பினாஃபினுக்கு மசியாத டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற இனத்துக்கு 2020-இல் பெயர் வைத்தார்கள். இப்போது அது பல நாடுகளில் காணப்படுகிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கடையில் தாமாக வாங்கிப் பூசியது அங்கே பெரிய காரணங்களுள் ஒன்று என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு பூசினால் அரிப்பும் சிவப்பும் உடனே அடங்கும். அடியில் பூஞ்சை பெருகும். ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் “அந்தக் களிம்பு இரண்டு வாங்கி வா” என்று சொல்லும் பழக்கத்தை விடுவது நல்லது.

எங்கே போவது?

அரசு சுகாதார கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். தோல் நிபுணர் தேவைப்பட்டால் கிளினிக் மருத்துவரே பரிந்துரைக் கடிதம் தருவார். சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையும், அலோர்ஸ்டாரில் தோல் பிரிவு கொண்ட சுல்தானா பாஹியா மருத்துவமனையும் இருக்கின்றன.

மருந்தகத்தில் வாங்கும்போது பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் பெயரில்லாத பொட்டலத்தில் வரும் “மூன்றே நாள் தேமல் மாத்திரை”யை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று விற்பவருக்கே தெரியாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நான்கு: இது தேமல்தானா? பூசினால் போதாதா? இந்த மாத்திரையின் பெயர் என்ன, எத்தனை நாள்? என் மற்ற மருந்துகளோடு சேருமா? இதற்குப் பதில் கிடைத்த பிறகு மாத்திரையை விழுங்கலாம். குறித்த நாளில் நிறுத்தியும் விடலாம்.